பீம் நின்றது, காற்று நிற்கவில்லை

துகள் முடுக்கிக் கூடங்களில் பலரும் செய்யும் தவறு, பீமை, அதாவது துகள் கற்றையை, நிறுத்தியதுமே உள்ளே போகலாம் என்று நினைப்பது. எலக்ட்ரான் முடுக்கியில் ஆற்றல் 10.5 எம்இவி-யைத் (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) தாண்டினாலே, அதிலிருந்து கிளம்பும் எக்ஸ்-கதிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கதிரியக்க நைட்ரஜன்-13 ஆக்கத் தொடங்கிவிடும். 15.7-ஐத் தாண்டினால் ஆக்சிஜன்-15-உம் சேர்ந்துகொள்ளும்.

சரி, அரை மணி நேரம் பொறுத்தால் போதுமா? ஆக்சிஜன்-15-இன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 2 நிமிடம், அது தீர்ந்துபோயிருக்கும். நைட்ரஜன்-13-க்கு 10 நிமிடம். எட்டில் ஒரு பங்கு மிஞ்சும். காற்றிலுள்ள ஆர்கான் நியூட்ரானைப் பிடித்து உருவாகும் ஆர்கான்-41-க்கோ 110 நிமிடம். முக்கால் பங்குக்கு மேல் அப்படியே மிதந்துகொண்டிருக்கும். காற்றில் ஆர்கான் 1 சதவீதம்கூட இல்லைதான். ஆனால் சுவர்களில் மோதி வேகம் குறைந்த நியூட்ரான்கள் அதில் நன்றாகவே சிக்கிக்கொள்கின்றன. எனவே காத்திருக்கும் நேரத்தை அந்தந்த இயந்திரத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும், பழக்கத்தை வைத்து அல்ல.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அடுத்த தவறு: கதிர்வீச்சு அளவு ஏறினால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிடுவது. 2013 மே 23 அன்று ஜப்பானின் ஜே-பார்க் முடுக்கி மையத்தின் ஹாட்ரான் கூடத்தில் இதுதான் நடந்தது. 2 விநாடியில் நிதானமாக வர வேண்டிய புரோட்டான்கள் 5 மில்லிவிநாடியில் மொத்தமாகப் பாய்ந்ததில், பீம் மோதும் தங்க இலக்கின் ஒரு பகுதி ஆவியானது. கதிரியக்கப் பொருள் கூடத்துக்குள் கசிந்தது. ஃபேனைப் போட்டார்கள், உள்ளே அளவு இறங்கியது. அந்த இறக்கம்தான் ஏமாற்றும். இறங்கியதெல்லாம் கட்டடத்துக்கு வெளியே போயிருந்தது. 34 பேர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அதிகபட்ச அளவு 1.7 மில்லிசீவர்ட். அளவு சிறியதுதான், ஆனால் ஃபேன் சுவிட்சைத் தொடும் முன் காற்று எங்கே போகிறது, வழியில் வடிகட்டி இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம், கதிர்வீச்சு காற்றிலுள்ள ஆக்சிஜனிலிருந்து உண்டாக்கும் ஓசோன். கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் காரமான வாசனை அதுதான். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும், வாசனை போய்விட்டதாகத் தோன்றும், ஓசோன் போயிருக்காது. அது நுரையீரலை நேரடியாகத் தாக்கும் வாயு. மார்பில் மாட்டும் கதிர்வீச்சு அளவி பேட்ஜ் இதைக் காட்டவே காட்டாது. சுவாசத்தோடு உள்ளே போன கதிரியக்கத் துகள்களையும் அந்தப் பேட்ஜ் கணக்கில் சேர்க்காது. அதற்குக் காற்று மாதிரி எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கதிர்களை எண்ணும் கைகர் கருவியும் விட்டுவிட்டுத் துடிக்கும் பீமுக்குப் பக்கத்தில் உண்மை அளவைவிடக் குறைத்தே காட்டும். ஒரு துடிப்பில் எத்தனை கதிர்கள் வந்தாலும் அது ஒன்று என்றே எண்ணும். அங்கே, ஒவ்வொன்றாக எண்ணாமல் மொத்த அளவை அளக்கும் அயனியாக்க அறைக் கருவியை எடுத்துப் போங்கள்.