பெயர்தான் எஸ்விஜி: லோகோ வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டற்ற மென்பொருள் ஒன்றை எழுதிவரும் கல்லூரி மாணவர்கள் போன வாரம் தங்கள் லோகோவை அனுப்பியிருந்தார்கள். திறந்து பார்த்ததும் பத்து வருடத்துக்கு முன் நான் செய்ததே கண்முன் வந்து நின்றது. நிறம் அதிகம், எழுத்து பொடி என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிஎன்ஜியை எஸ்விஜிக்குள் திணிப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் 512 பிக்சல் அகலத்துக்கு வரைந்து, அந்தப் பிஎன்ஜி படத்தை (பிக்சல் என்ற சின்னப் புள்ளிகளால் ஆனது) கோடும் வளைவுமாக வரைய உதவும் இங்க்ஸ்கேப்பில் இழுத்துப் போட்டு, எஸ்விஜி என்று சேமித்துவிடுகிறார்கள். கோப்பின் பெயர் மாறியதே தவிர, உள்ளே அதே பிக்சல்தான். எஸ்விஜியில் இருக்க வேண்டியது கோடும் வளைவும் எங்கிருந்து எங்கே போகின்றன என்ற கணக்கு. அதனால்தான் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூராகவே நிற்கிறது.

எங்கள் நண்பர்கள் நடத்திய ஒரு சந்திப்பின் பேனருக்கு நானும் அப்படித்தான் செய்து கொடுத்தேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. சந்திப்புக்கு முந்தின நாள் சாயங்காலம், ஃப்ளெக்ஸ் கடையில் ஆறடிக்கு அடித்து விரித்தபோது ஓரமெல்லாம் படிக்கட்டு. 512 பிக்சலை 72 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு ஏழு பிக்சல்தானே கிடைக்கும்? நண்பர்கள் கைக்காசு போட்டு அடித்த பேனர் அது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி வரைந்தோம்.

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். கோப்பை நோட்பேடில் திறங்கள். எளிய லோகோ என்றால் சில கிலோபைட்தான் இருக்கும். 'பாத்', 'சர்க்கிள்' என்ற சொற்கள் தென்படும். 'இமேஜ்' என்று தொடங்கி, முடிவே இல்லாமல் எழுத்துக் குவியல் ஓடினால் உள்ளே பிஎன்ஜி உட்கார்ந்திருக்கிறது. சரி, பிக்சல் படத்தைத் தானாகவே கோடுகளாக மாற்றும் இங்க்ஸ்கேப்பின் 'டிரேஸ் பிட்மேப்' கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது தேவைக்கு மேல் நோடுகளை, அதாவது கோட்டின் வடிவைத் தீர்மானிக்கும் புள்ளிகளை, தூவிவிடும். அப்புறம் ஒரு வளைவைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வட்டத்துக்கு வட்டம், பெட்டிக்குப் பெட்டி என்று புதிதாக வரைவதே சீக்கிரம் முடிகிற வேலை.

எழுத்தை எழுத்தாகவே அனுப்புவது

அந்த எழுத்துரு திறப்பவரின் கணினியில் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். அனுப்பும் பிரதியில், எழுத்தை வெறும் கோடும் வளைவுமாக மாற்றும் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

16 பிக்சலில் பார்க்காமல் விடுவது

உலாவியின் டேபில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அவ்வளவுதான். ஒரு பிக்சலைவிட மெல்லிய கோடு அங்கே மங்கிய கறையாகிவிடும். பைதான் லோகோவைப் பாருங்கள்: இரண்டு பாம்புகள், செதில் கிடையாது, ஆளுக்கு ஒரு கண். அந்தச் சின்ன இடத்திலும் அடையாளம் தெரிகிறது.

நிழல், பளபளப்பு

வெறும் கறுப்பில் நன்றாக வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.