கட்சினா பொம்மை வாங்கும் முன் முகத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்கு வரும் உறவுக்காரர்கள் பலருக்கும் கட்சினா பொம்மை ஒன்று வேண்டும். கட்சினா என்பது இங்குள்ள ஹோப்பிப் பழங்குடியினர் போற்றும் ஆவி. சடங்கில் முகமூடி அணிந்து அதுவாக ஆடுபவரையும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த உருவத்தில் மரத்தில் செதுக்கியதுதான் பொம்மை. கடைக்குக் கூட்டிப்போவது நான்தான். அங்கே சொல்வதையே இங்கும் சொல்கிறேன்.

உடுப்பில் மயங்காமல் தலையைப் பாருங்கள். அது யார் என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும். இருபுறமும் காக்கைச் சிறகு விரிந்திருந்தால் காக்கைத் தாய். கையில் யுக்கா என்ற பாலைவனச் செடியின் மட்டைகள் இருக்கும். சிறுவர்களுக்குத் தீட்சை தரும் சடங்கில் அடி விழுவது அந்த மட்டைகளால்தான். மண் நிற உருண்டைத் தலையில் குமிழ் குமிழாகப் புடைத்திருந்தால் கோயெம்சி. கோமாளித்தனமும் உண்டு, மற்றவர்கள் ஆட மேளம் அடிப்பதும் உண்டு. பிதுங்கிய கண்ணும் கோரைப் பல்லுமாக இருந்தால் சோயோகோ, சொல்பேச்சு கேட்காத பிள்ளைகளை மிரட்ட வருவது. நிறத்துக்கும் திசை உண்டு: மஞ்சள் வடக்கு, நீலம் மேற்கு, சிவப்பு தெற்கு, வெள்ளை கிழக்கு.

கொலுப் பொம்மை மாதிரி படியில் வைப்பதற்காக இவை பிறக்கவில்லை. பிப்ரவரியில் பொவாமுயா, ஜூலையில் நீமான் சடங்குகளில் கட்சினாக்களே ஹோப்பிச் சிறுமிகளுக்குக் கொடுப்பவை. கைக்குழந்தைக்குத் தட்டையான பொம்மை. பெரும்பாலும் கட்சினாக்களின் தாயான ஹஹாயிவூத்தி. வீட்டுச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். அதனால் பழைய பொம்மை தானாக நிற்காவிட்டால் குறை சொல்லாதீர்கள். பீடம் பிற்பாடு வந்தது.

அப்புறம் கையில் தூக்கிப் பாருங்கள். ஹோப்பிகள் செதுக்குவது காட்டன்வுட் மரத்தின் வேரில். அளவுக்குப் பார்த்தால் எடையே இராது. தண்ணீரைத் தேடி ஓடும் வேர் அது. மழைக்காக வேண்டும் வறண்ட மேட்டு ஊர்க்காரர்களுக்கு வேறு எந்த மரம் பொருந்தும்!

ரோமமும் தோலும் மணியும் ஒட்டிப் பளபளக்கும் மலிவுச் சரக்கைக் கண்டால் நான் நகர்ந்துவிடுவேன். கழுகு இறகு விற்பது குற்றம் என்பதால் நல்ல கைவினைஞர்கள் இறகையும் மரத்திலேயே, நரம்பு நரம்பாகச் செதுக்கிவிடுகிறார்கள். செதுக்கியவர் பெயர், ஊர் இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். ஹோப்பி செய்யாததை ஹோப்பி வேலை என்று விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது.

நிஜச் சடங்கு முகமூடி விற்பனைக்கு என்று யாராவது காட்டினால் தொடவே தொடாதீர்கள். பாரிஸில் 2013இல் அவற்றை ஏலம் விட்டதை ஹோப்பிகள் நீதிமன்றம் வரை போய் எதிர்த்தார்கள்.

வீட்டில் வெயில் படாத சுவராகப் பாருங்கள். தூசியை உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டுங்கள். ஈரத்துணி பட்டால் பழைய மண் சாயம் கையோடு வந்துவிடும்.