பறக்கும் தட்டு எப்படிப் பறக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015-ல் அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று எடுத்த ‘கோ ஃபாஸ்ட்’ என்ற பறக்கும் தட்டு வீடியோவை முதல் தடவை பார்த்தபோது, அந்த வெள்ளைப் புள்ளி கடலை உரசிக்கொண்டு பாய்கிறது என்றே நானும் நம்பினேன். பின்னால் கடல் சரசரவென்று ஓடுகிறது, விமானியின் குரலில் அப்படி ஒரு உற்சாகம். அன்று ராத்திரியே நோட்டை எடுத்து, இந்த வேகத்துக்கு எவ்வளவு உந்துவிசை வேண்டும், கடல்மட்டத்துக் காற்று எவ்வளவு தடுக்கும் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். சூத்திரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது, பெருக்கல் வகுத்தலும் சரி. ஆனால் அந்தப் பொருள் இருந்த இடத்தையே தப்பாக எடுத்துக்கொண்டு ஆரம்பித்ததால் இரண்டு பக்கமும் வீண்.

இப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம் என்றே நினைக்கிறேன். ‘எல்லாம் கட்டுக்கதை’ என்று ஒதுக்குவதைவிடவும், ‘வேற்றுக்கிரகத் தொழில்நுட்பம், நமக்குப் புரியாது’ என்று கையை விரிப்பதைவிடவும் இது மேல். ஆனால் எங்கே வழுக்கும் என்று தெரிந்து நடக்க வேண்டும்.

தூரம் தெரியாமல் வேகம் பேசுவது

இதுதான் எல்லாவற்றுக்கும் தாய். அதே வீடியோவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கணக்குக்கு வேண்டிய எல்லாமே அதன் திரையிலேயே எழுதியிருக்கிறது. விமானம் பறக்கும் உயரம் 25,000 அடி. கேமரா கிடைமட்டத்திலிருந்து 26 டிகிரி கீழே பார்க்கிறது. பொருளுக்கான தூரம் 4.4 கடல் மைல். ஒரு கடல் மைல் 6,076 அடி, ஆக 4.4 என்பது சுமார் 26,700 அடி. அதை 26 டிகிரியின் சைன் மதிப்பான 0.438-ஆல் பெருக்கினால் 11,700 அடி வருகிறது. அதாவது பொருள் விமானத்துக்கு 11,700 அடி கீழே இருக்கிறது. கடலிலிருந்து பார்த்தால்? 13,300 அடி உயரத்தில்! கடலை உரசவே இல்லை. வீடியோவின் கடைசிப் பகுதியில் தூரம் 3.4 கடல் மைலாகக் குறைகிறது, கோணம் சுமார் 35 டிகிரி ஆகிறது. அதையும் போட்டுப் பாருங்கள், மறுபடியும் 13,000 அடியை ஒட்டித்தான் வரும். இரண்டு தனித்தனி நேரத்து எண்கள் ஒரே உயரத்தைக் காட்டுகின்றன என்றால் அந்தக் கணக்கை நம்பலாம்.

அப்படியானால் அது ஏன் அவ்வளவு வேகமாக ஓடுவது போலத் தெரிகிறது? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் பனைமரத்தையும் தூரத்து மலையையும் சேர்த்துப் பார்த்திருப்பீர்கள். மலையின் பின்னணியில் பனைமரம் பாய்ந்து ஓடும். மரம் நகரவில்லை, நகர்வது நாம். பள்ளிக்கூடத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தது இதுதான். இங்கே பொருள் விமானத்துக்கும் கடலுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது, ஆகவே அது அப்படியே அசையாமல் நின்றிருந்தாலும், கடற்பரப்பின் மேல் கிட்டத்தட்ட அந்த ஜெட் விமானத்தின் வேகத்திலேயே எதிர்ப்பக்கம் ஓடுவது போலத்தான் காட்சி தெரியும். 2023 செப்டம்பரில் நாசாவின் சுயேச்சை ஆய்வுக்குழு இதைக் கணக்கிட்டு வெளியிட்டது. பொருளின் வேகம் மணிக்கு சுமார் 40 மைல், அந்த உயரத்தில் அடிக்கும் காற்றே அந்த வேகத்தில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகும்.

‘பறக்கும் தட்டு’ என்ற பேச்சே இப்படி ஒரு தூரக் கணிப்பில் பிறந்ததுதான். 1947 ஜூன் 24 அன்று அமெரிக்க விமானி கென்னத் ஆர்னால்ட் தன் சிறு விமானத்திலிருந்து ஒன்பது பொருள்கள் ரெய்னியர் மலையிலிருந்து ஆடம்ஸ் மலை வரை கடப்பதை 102 விநாடி என்று கடிகாரத்தில் பார்த்தார். மலைகளுக்கு நடுவே 50 மைலுக்குக் கொஞ்சம் குறைவு, ஆக மணிக்கு 1,700 மைல் என்று கணக்கு வந்தது. நேரத்தை அளந்தது பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அந்தப் பொருள்கள் மலைகளின் தூரத்தில்தான் பறந்தன என்பது அவருடைய கணிப்பு. அந்தத் தூரத்தில் கால்பங்கில் பறந்திருந்தால் வேகமும் கால்பங்குதான், சாதாரண விமான வேகம். இன்னொன்று, தண்ணீரில் தட்டை வீசினால் எப்படித் துள்ளும், அப்படிப் பறந்தன என்று அவர் சொன்னது அசைவைப் பற்றி; பத்திரிகைகள் அதை உருவமாக மாற்றிவிட்டன.

ஒரே ஒரு எண்ணின் மேல் மாளிகை கட்டுவது

2004 நவம்பரில் கலிஃபோர்னியாவுக்குத் தென்மேற்கே, நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலின் விமானிகள் ‘டிக் டாக்’ மிட்டாய் வடிவில் ஒரு வெள்ளைப் பொருளைக் கண்டார்கள். எனக்கு இன்னும் ஆர்வம் குறையாத சம்பவம் இது. கூடவே வந்த பிரின்ஸ்டன் என்ற கப்பலின் ரேடாரில், ஒரு பொருள் 28,000 அடியிலிருந்து கடல்மட்டத்துக்கு 0.78 விநாடியில் இறங்கியது என்று அங்கே வேலை செய்தவர் பின்னாளில் சொன்னார்.

இதை வைத்து எல்லோரும் போடும் கணக்கு இது. 28,000 அடி என்பது 8,534 மீட்டர். பாதி வழி முடுக்கம், பாதி வழி பிரேக் என்று வைத்தால், முடுக்கம் என்பது நான்கு மடங்கு தூரத்தை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தது. விடை ஈர்ப்பு முடுக்கத்தைப் போல 5,700 மடங்கு. உச்ச வேகம் விநாடிக்கு 22 கிலோமீட்டர். பொருளின் எடை ஒரு டன் என்று வைத்தால் உச்சத்தில் தேவைப்படும் திறன் 1,200 ஜிகாவாட்டைத் தாண்டும். அமெரிக்காவின் அணுமின் நிலையங்கள் அத்தனையும் சேர்ந்தே 100 ஜிகாவாட்டை ஒட்டித்தான் தருகின்றன.

பிரமிப்பாக இருக்கிறது, சரி. ஆனால் சூத்திரத்தில் நேரம் வர்க்கமாக உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். அந்த நேரம் 0.78 இல்லை, 7.8 விநாடி என்றால் முடுக்கம் நூறில் ஒரு பங்காக இறங்கி 57 மடங்கு ஆகிறது, அது ஏவுகணை செய்கிற வேலை. 1970-களில் அமெரிக்கா வைத்திருந்த ஸ்பிரின்ட் ஏவுகணை 100 மடங்கு முடுக்கத்தில் போனது. 78 விநாடி என்றால் 0.57 மடங்கு, அதைப் பயிற்சி விமானமே செய்யும். தசமப்புள்ளி இரண்டு இடம் நகர்ந்தால் வேற்றுக்கிரகத்திலிருந்து விமானத்தளத்துக்கு வந்துவிடுகிறோம்! அது மட்டுமல்ல, ரேடார் ஒரு புள்ளியை மேலேயும் அடுத்த புள்ளியைக் கீழேயும் காட்டும்போது, இரண்டும் ஒரே பொருள்தான் என்று முடிவு செய்வது மென்பொருள். வேறு வேறு இரண்டு பொருள்களை அது ஒன்றாகக் கோத்துவிட்டால், நடுவில் எதுவுமே பறக்காமலேயே 5,700 மடங்கு முடுக்கம் கிடைத்துவிடும். ஆகவே விடையை ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். நேரம் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை இருக்கலாம், ஆகவே முடுக்கம் இதிலிருந்து இதுவரை என்று எழுதுங்கள். அந்த வீச்சுக்குள் சாதாரண விமானமும் அடங்குகிறது என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

காற்றை மறந்துவிடுவது

மேலே உள்ள கணக்கு வெற்றிடத்துக்குச் சரி. ஆனால் நம் தலைக்கு மேலே காற்று இருக்கிறது. விநாடிக்கு 22 கிலோமீட்டரில் காற்றுக்குள் ஒரு பொருள் வந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதே இல்லை, நடந்திருக்கிறது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானத்தில் சுமார் 20 மீட்டர் அகல விண்கல் ஒன்று விநாடிக்கு 19 கிலோமீட்டரில் நுழைந்தது. அது தரைக்கு 30 கிலோமீட்டர் மேலே, காற்று மிக மெல்லியதாக இருக்கும் இடத்திலேயே வெடித்துச் சிதறியது. சற்று நேரத்துக்குச் சூரியனைவிடப் பிரகாசமாக எரிந்தது, பிறகு வந்த அதிர்வலையில் நகரம் முழுக்கக் கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். டிக் டாக் அந்த விண்கல்லைவிடச் சிறியதுதான், ஆனால் அது இறங்கியதாகச் சொல்லப்படுவது கடல்மட்டம் வரை, காற்று அடர்த்தியாக இருக்கும் இடத்துக்குள். ஒளியும் இல்லை, சத்தமும் இல்லை.

இங்கேதான் ஒரு வழுக்கல். ‘சோனிக் பூம் (ஒலியை மிஞ்சும் வேகத்தில் எழும் வெடிச்சத்தம்) கேட்கவில்லை, ஆகவே அதிர்வலையையே அழிக்கும் தொழில்நுட்பம் அவர்களிடம் இருக்கிறது’ என்று உடனே எழுதிவிடுகிறார்கள். சத்தம் வராதது ஒரு சான்று, ஆனால் எதற்குச் சான்று? முதலில் அது ‘அந்த வேகம் தப்பாக இருக்கலாம்’ என்பதற்குத்தான் சான்று. வேகத்தைக் கல்வெட்டு மாதிரி வைத்துக்கொண்டு, அதைக் காப்பாற்றுவதற்காகப் புதிய இயற்பியலைக் கொண்டுவருவது தலைகீழ் வேலை.

‘எதைத் தள்ளுகிறது?’ என்று கேட்காமல் விடுவது

அசையாமல் மிதக்கும் தட்டு பற்றிய சாட்சியங்கள் நிறைய. இதற்கும் கணக்கு சுலபம். 10 டன் எடை, 10 மீட்டர் அகலம் உள்ள ஒரு தட்டு காற்றைக் கீழே தள்ளித்தான் மிதக்கிறது என்றால், அதற்குக் கீழே காற்று மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க வேண்டும். புயல்காற்று! வயலுக்கு மேலே நின்றது, புல் கூட அசையவில்லை என்று சாட்சி சொன்னால், ஒன்று அது காற்றைத் தள்ளவில்லை, அல்லது 10 டன் எடையே இல்லை. பலூன் மாதிரி லேசான ஒன்று என்றால் புல் அசைய வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் நேராக ‘எதிர் ஈர்ப்பு’ என்ற பெயரை ஒட்டுவது விளக்கம் ஆகாது.

தட்டு வடிவத்துக்கே ஏதோ மாயம் உண்டு என்று நினைப்பதும் தவறு. கனடாவின் ஆவ்ரோ நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காக உண்மையிலேயே ஒரு தட்டு செய்தது, பெயர் ஆவ்ரோகார். 5.5 மீட்டர் அகலம், மூன்று ஜெட் இன்ஜின், 1959-லிருந்து 1961 வரை சோதித்தார்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் எழும்பினாலே தள்ளாட ஆரம்பித்தது, மணிக்கு 56 கிலோமீட்டரைத் தாண்டவில்லை, திட்டத்தை மூடிவிட்டார்கள்.

உயர் மின்னழுத்தத்தில் மேலே எழும் சின்னச் சின்ன ‘லிஃப்டர்’ வீடியோக்களைக் காட்டி ஈர்ப்பை வென்றுவிட்டார்கள் என்பார்கள். அது அயனிக் காற்று. மின்புலம் அயனிகளைத் தள்ள, அயனிகள் காற்றைத் தள்ளுகின்றன. எம்ஐடி குழு 2018-ல் இதே முறையில் 2.45 கிலோ விமானத்தை உள்ளரங்கில் சுமார் 60 மீட்டர் பறக்கவிட்டது, அருமையான வேலை, ஆனால் 5 மீட்டர் இறக்கை வைத்தும் அவ்வளவுதான் தூக்க முடிந்தது. எதையுமே வெளியே தள்ளாமல் உந்தும் என்று சொல்லப்பட்ட எம்டிரைவ் கதையும் தெரிந்திருக்கும். டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் கவனமாக அளந்தபோது அந்த உந்துவிசை சோதனைக் கருவியின் கோளாறாகப் போய் நின்றது. அப்புறம், காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள் என்பதைச் சான்றாகக் காட்டாதீர்கள். காப்புரிமை ஒரு யோசனைக்குக் கொடுக்கும் உரிமை, அது வேலை செய்கிறது என்ற சான்றிதழ் இல்லை.

மறுப்பவர்கள் செய்யும் தவறு

‘5,000 மடங்கு முடுக்கத்தில் எந்தப் பொருளும் தாங்காது, ஆகவே முடியாது’ என்று ஒரே வரியில் முடிப்பவர்களும் பொறியியல் பேசவில்லை. இரண்டாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டுக்குள் வைத்த, இலக்கை நெருங்கியதும் குண்டை வெடிக்கவைக்கும் அண்மை உருகிகளில் கண்ணாடி வெற்றிடக் குழாய்களே இருந்தன, அவை 20,000 மடங்கு முடுக்கத்தைத் தாங்கி வேலை செய்தன. ஆள் தாங்கமாட்டார், அது உண்மை, ஆனால் ஆள் உள்ளே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அதே போல, ஈர்ப்பு மாதிரி உடலின் ஒவ்வோர் அணுவையும் ஒரே சீராக இழுக்கும் விசை இருந்தால் உள்ளே இருப்பவருக்கு நசுங்கும் உணர்வே வராது என்ற வாதமும் சரிதான். விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்கள் அப்படித்தான் மிதக்கிறார்கள். ஆனால் உடல் நசுங்காது என்பதால் ஆற்றல் கணக்கு தள்ளுபடி ஆகிவிடாது. அந்த 1,200 ஜிகாவாட் எங்கிருந்தாவது வந்தே ஆக வேண்டும், பிரேக் போடும்போது எங்காவது போயும் ஆக வேண்டும்.

படத்தின் பிழையைப் பொருளின் குணமாக எடுத்துக்கொள்வது

அகச்சிவப்புக் கேமராவில் சூடான இன்ஜின் ஒன்று தூரத்தில் தெரிந்தால், தெரிவது பெரும்பாலும் அதன் பிரகாசம் படத்தில் பரவி உண்டாக்கும் ஒளிக்கூச்சம்தான், உருவம் அல்ல. அமெரிக்கக் கடற்படையின் இன்னொரு வீடியோவான ‘கிம்பல்’-இல் பொருள் சுழல்வது போலத் தெரிவதை, கேமராவின் உள்பாகம் சுழலும்போது அந்த ஒளிக்கூச்சமும் கூடச் சுழல்கிறது என்று விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. பெல்ஜியத்தில் 1990-ல் எடுத்த முக்கோண விளக்குப் படத்தை வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். 2011-ல், படத்தை எடுத்தவரே வந்து, அது பெயின்ட் அடித்த தெர்மக்கோல் என்று சொல்லிவிட்டார்.

நீங்களே ஏதாவது பார்த்தால், வீடியோ மட்டும் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நண்பருக்கு உடனே போன் போட்டு, அவருக்கு அது எந்தக் கோபுரத்தின் அல்லது எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் தெரிகிறது என்று கேட்டு, நேரத்தோடு எழுதி வையுங்கள். பொருள் உங்கள் இருவரையும் இணைக்கும் கோட்டுக்குப் பக்கவாட்டில் இருந்து, பார்வைகளுக்கு நடுவே 10 டிகிரி வித்தியாசம் வந்தால், அது சுமார் 11 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கோணத்தில் ஒரு டிகிரி தப்பினாலும் விடை 10-க்கும் 13-க்கும் நடுவில்தான் நிற்கும். வித்தியாசமே தெரியவில்லை, இருவருக்கும் அதே நட்சத்திரத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது என்றால் அது ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. அன்றைக்கு மேற்கிலோ கிழக்கிலோ வெள்ளி கிரகம் எங்கே இருந்தது என்று முதலில் பாருங்கள்.