கையடக்க கேம்கார்டர்: பதிவுக்கு முன்னும் பின்னும்

புது மெமரி கார்டைக் கணினியில் அல்ல, கேம்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கிளாஸ் 10 என்ற எழுதும் வேகத் தரம் கொண்ட கார்டு போதும். நொடிக்கு 24 மெகாபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 11 ஜிபி பிடிக்கும். 32 ஜிபி கார்டில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும்.

டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிடுங்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், விவரம் கூடாது. 50 ஹெர்ட்ஸ் மின்விளக்கில் படம் துடித்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி ஆக்குங்கள்.

முக்கியமாக, பதிவை நிறுத்தியதும் பேட்டரியைக் கழற்றாதீர்கள். கார்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் எழுதும் வேலை இன்னும் முடியவில்லை. இடையில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு திறக்காமல் போகலாம். நீண்ட பதிவு 4 ஜிபி துண்டுகளாகப் பிரிந்திருந்தால் பயம் வேண்டாம், அது கார்டில் கோப்புகளைச் சேமிக்கும் ஃபேட்32 முறையின் வரம்பு. மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் பேட்டரியைப் பாதி சார்ஜில் தனியே வையுங்கள்.