பழைய பிக்கப்பை உயிர்ப்பித்து ஓட்டுவது எப்படி? முதலில் நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்

பல வருடம் ஷெட்டில் கிடந்த ஒரு பிக்கப் கைக்கு வந்ததும், ஒரு பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமே என்று கை துடிக்கும். அடங்கியதும் இன்னொரு ஆசை வரும்: மொத்தமாகப் பிரித்துப் புத்தம் புதிதாக்கிவிடலாம். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். காய்ந்த சிலிண்டரில் எஞ்சினைச் சுற்றினால் நல்ல பிஸ்டன் ரிங்கும் உடைந்துபோகும். மொத்தமாகப் பிரித்த வண்டியோ பெரும்பாலும் திரும்பப் பூட்டப்படுவதே இல்லை. பெட்டி பெட்டியாக அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

நான் சொல்லும் வரிசை இதுதான்: பிரேக், எஞ்சின், ஓட்டம், கடைசியில் பெயின்ட். முதலில் வண்டி நிற்க வேண்டும். நிற்காத வண்டி ஓடி என்ன பயன்?

எடுத்துக்காட்டாக 1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த செவ்ரலே 3100, 1948இல் வந்த ஃபோர்டு எஃப்-1, 1953இல் அதன் இடத்துக்கு வந்த எஃப்-100 ஆகியவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். புதிதாகக் கற்பவருக்கு இவை பொருத்தமானவை. பானெட்டைத் தூக்கினால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழையத் தாராளமாக இடம் இருக்கும். உதிரி பாகங்களும் இன்றுவரை புதிதாகத் தயாராகின்றன.

படி 1: துருவைப் பாருங்கள்

எஞ்சின் ஓடாவிட்டால் கவலை வேண்டாம், அதைச் சரிசெய்துவிடலாம். துரு தின்ற சேஸிஸ்தான் (வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம்) ஆளை ஓய்த்துவிடும். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கேபினின் பின்பக்கக் கீழ் மூலைகள், காலடித் தகரம், கதவின் அடி விளிம்பு, கேபின் சேஸிஸில் உட்காரும் இடங்கள் எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே தகரம் இல்லை, பெயின்ட் மட்டும்தான் இருக்கிறது. ஒரு காந்தத்தையும் பாடி மேல் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி தடவி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். பாடியில் ஓட்டை இருந்தால் புதுத் தகரம் வெல்டு வைத்துக்கொள்ளலாம். சேஸிஸ் ரெயிலில் விரிசலோ முறுக்கலோ இருந்தால், முதல் வண்டியாக அதை எடுக்காதீர்கள்.

வண்டியில் பதித்த அடையாள எண் தகடும் ஆவணமும் ஒத்துப்போகின்றனவா என்று பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 2: கழற்றும் முன் படம்

எதைக் கழற்றினாலும் முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் எடுங்கள். நட்டு போல்ட்டை அந்தந்த வேலைக்கெனத் தனிப் பையில் போட்டு மேலே எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும். முன் இடது பிரேக்கைப் பிரித்தால் முன் வலதைத் தொடாதீர்கள். சந்தேகம் வரும்போது எட்டிப் பார்க்க ஒரு மாதிரி முழுசாக இருக்கும்.

துருப்பிடித்த போல்ட்டுக்குப் பொறுமை வேண்டும். துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விடுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் சூடு காட்டுங்கள். கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் திரும்ப முடுக்கி, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். நான் ஒருமுறை அவசரப்பட்டு மேனிஃபோல்டு போல்ட் ஒன்றைத் தலையோடு முறித்துவிட்டேன். மீதியைத் துளை போட்டு எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. இன்னொன்று: பழைய டாட்ஜ் பிக்கப் பலவற்றில் இடது பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பினால் ஸ்டட் முறியும்.

படி 3: பிரேக்

நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள். இந்த வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரோ ஒற்றைச் சுற்று, நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. எங்காவது ஒரு குழாயோ ஹோஸோ விட்டுப்போனால் நான்கு சக்கரத்திலும் சேர்த்து பிரேக் போய்விடும், பெடல் தரையைத் தொடும். அதனால் இங்கே பாதி வேலை என்பதே கிடையாது. மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ்கள், துருப்பிடித்த இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சமதரையில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டின் மேல் இறக்கிவிட்டு வேலை செய்யுங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, ஈரப்படுத்தித் துடைத்தெடுங்கள். டிரம் வெளியே வராவிட்டால் சம்மட்டியைத் தேடாமல், முதலில் ஷூ அட்ஜஸ்டரைத் தளர்த்திப் பாருங்கள். தேய்ந்த டிரம்மின் விளிம்பில் ஷூ சிக்கியிருக்கும்.

பூட்டியதும் டாட் 3 வகை பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தில் காற்று வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூடட்டும். டாட் 5 என்பது சிலிகான். டாட் 3உடன் அதைக் கலக்கக் கூடாது. பெடல் பாதியிலேயே கல்லைப் போல நின்றால் வேலை முடிந்தது. பஞ்சு போல இறங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. அப்படியே ஹேண்ட் பிரேக்கையும் சரிசெய்துவிடுங்கள். ஒற்றைச் சுற்று பிரேக் உள்ள வண்டியில் உங்களுக்கு இருக்கும் ஒரே மாற்று வழி அதுதான்.

படி 4: எஞ்சினைக் கையால் எழுப்புங்கள்

பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு ஃப்ளைவீல் பற்களைப் பிடித்தோ, வண்டியை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் தள்ளியோ எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் பாதி கவலை தீர்ந்தது. ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. புது ஆயில் ஊற்றிய பின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். எண் பெரிதாக வர வேண்டும் என்பதில்லை, எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் போதும்.

அடுத்தது மின்சாரம். செவ்ரலே பிக்கப் 1955 மார்ச்சில் வந்த புது வடிவம் வரையும், ஃபோர்டு 1955 மாடல் வரையும் 6 வோல்ட். ஃபோர்டில் பாசிட்டிவ் முனைதான் எர்த், செவ்ரலேயில் நெகட்டிவ். மாற்றி மாட்டிவிடாதீர்கள். வோல்ட் பாதியானால், அதே வேலைக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும். அதனால் கேபிள் கட்டைவிரல் போலத் தடிமனாக இருக்க வேண்டும். '6 வோல்ட் ஸ்டார்ட்டர் சோம்பேறி' என்று பலர் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி, யாரோ மாட்டிவைத்த மெல்லிய கேபிளும் பெயின்டுக்கு மேல் முடுக்கிய எர்த்தும்தான். தடித்த கேபிள் போட்டு, எர்த் படும் இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கிவிட்டு, அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், திறந்து மூடும் பாயிண்டைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரிபாருங்கள். செவ்ரலே ஆறு சிலிண்டருக்குப் பிளக் இடைவெளி 0.035 அங்குலம், தீ பற்றும் வரிசை 1-5-3-6-2-4.

பழைய டேங்கில் கிடக்கும் பெட்ரோலைத் தொடவே வேண்டாம். அது வார்னிஷ் ஆகியிருக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு ஒரு சிறிய கேனிலிருந்து புதுப் பெட்ரோல் கொடுங்கள். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் புது கேஸ்கெட் போடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைக் கரைத்துவிடும் என்பதால், அதைத் தாங்கும் ஹோஸையே மாட்டுங்கள். இந்தப் பிக்கப் பலவற்றில் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் கசிவு என்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் கசிவு. மூடியின் ரப்பரையும் விட்டுவிடாதீர்கள்.

தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கண் ஆயில் பிரஷர் மீட்டரிலேயே இருக்கட்டும். செவ்ரலேயின் 216 கன அங்குல எஞ்சினில் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் அகப்பை ஆயிலை மொண்டு எடுக்கும். அதனால் ஆயில் அழுத்தம் குறைவுதான், அந்த மீட்டரே 30 பிஎஸ்ஐ வரைதான். ஐடிலில் முள் கீழே கிடந்தால் பயப்பட வேண்டாம். முள் அசையவே இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். ரேடியேட்டருக்குப் புதுக் கார்களின் 15 பிஎஸ்ஐ மூடியைப் போடாதீர்கள், பழைய ஈயப்பற்று பிய்த்துக்கொள்ளும்.

படி 5: ஓட்டக் கற்றுக்கொள்வது

இனி வரும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆளில்லாத இடத்தில், மிகக் குறைந்த வேகத்தில், பிரேக்கைப் பத்து முறை சோதித்த பிறகே சாலைக்கு வாருங்கள். டயரில் வெடிப்பு இருந்தால், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது கழிவுதான். சீட் பெல்ட் அப்போது கிடையாது. தரைத் தகரத்துக்கு அடியில் தடித்த தகடு கொடுத்துப் பொருத்துங்கள்.

முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) இல்லை. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் முதல் கியர். நான்கு கியர் உள்ள வண்டியில் முதல் கியர் விகிதம் ஏறக்குறைய 7:1. சுமை இழுக்க வைத்தது அது. காலி வண்டியை இரண்டாவதிலேயே கிளப்பலாம். சிங்க்ரோ இல்லாத கியருக்கு இறங்க டபுள் கிளட்ச் தேவை: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், கிளட்சை விடுங்கள், ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டுங்கள், மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போடுங்கள். நடுவில் எஞ்சினின் வேகத்தைக் கியர்ப் பற்களின் வேகத்துக்கு ஏற்றுகிறோம், அவ்வளவுதான். முதல் வாரம் பற்கள் கடகடவென்று திட்டும். ஒருநாள் சத்தமே இல்லாமல் கியர் விழும். அன்றைக்கு உங்களுக்கே தெரியும்.

ஸ்டியரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். விடாமல் திருத்திக்கொண்டே ஓட்டாமல், தளர்வாகப் பிடியுங்கள். ஆட்டம் அதிகம் என்றால் முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னையும், சக்கரங்களை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் முனைகளையும் பாருங்கள். கிரீஸ் நிப்பிள்களுக்கு அடிக்கடி கிரீஸ் அடியுங்கள். பின் ஆக்சில் விகிதம் சுமைக்கானது என்பதால் மணிக்கு 70, 80 கிலோமீட்டரில் எஞ்சின் நிம்மதியாக இருக்கும். அதற்கு மேல் விரட்டாதீர்கள்.

மழைக்குத் தனி எச்சரிக்கை. பின்னால் சுமை இல்லாததால் பின் சக்கரம் எளிதில் லாக் ஆகி வழுக்கும். நனைந்த டிரம் பிடிக்காது; பெடலை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் காயும். வைப்பர் வேறு எஞ்சின் வேக்குவத்தில் ஓடுவது. மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அது நின்றுவிடும். கண்ணாடி தெளிய ஒரு கணம் காலை எடுக்க வேண்டும்.

பெயின்ட்? ஒரு வருடம் ஓட்டிவிட்டு யோசியுங்கள். துருப்பிடித்த இடத்தை மட்டும் இப்போதே வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து பிரைமர் அடித்துவிடுங்கள். கை சும்மா இருக்க மறுத்தால், பின் தொட்டியின் மரப் பலகைகளை மாற்றுங்கள். பலகைகளுக்கு நடுவே இரும்புப் பட்டைகள் ஓடும். பட்டையைக் கழற்றினால் பலகை வந்துவிடும். பழையதை அளவாக வைத்துப் புதியதை அறுத்து, எல்லாப் பக்கமும் எண்ணெய் பூசி, பட்டையை மேலே வைத்து முடுக்க வேண்டியதுதான். அறுத்த முனைகளில் மட்டும் இரண்டு தடவை பூசுங்கள், தண்ணீர் அங்கேதான் முதலில் இறங்கும்.