வெப்பக் கேமராவுக்கு மறையும் உடை: தைக்கும்போது எங்கே தவறுகிறது?

கல்லூரிக் கண்காட்சிக்கென்று வெப்பக் கேமராவில் தெரியாத உடை தைக்க வரும் பிள்ளைகளிடம், முதலில் கறுப்புக் குப்பைப் பைக்குள் கையை விடச் சொல்வேன். கண்ணுக்குக் கை மறைந்துவிடும். கேமராத் திரையிலோ ஐந்து விரலும் தெரியும். அப்புறம் ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கைக்கு முன்னால் பிடித்தால், திரையில் கையைக் காணோம்! இந்தக் கேமராக்கள் பொதுவாக 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீள வெப்பக் கதிர்களைப் பிடிக்கின்றன. மெல்லிய பாலித்தீனை அவை ஊடுருவிவிடும், கண்ணாடியை ஊடுருவாது. கறுப்புத் துணி தேடிக் கடை கடையாக ஏறுவது வீண் அலைச்சல்.

தடித்த கம்பளியும் கொஞ்ச நேரத்துக்குத்தான். தோளிலும் முதுகிலும் ஒட்டும் இடங்கள் முதலில் சூடேறித் திரையில் வெளுத்துத் தெரியும்.

அடுத்து எல்லாரும் போவது அலுமினியம் பூசிய வெள்ளிநிற பிளாஸ்டிக்கான மைலார் ஷீட்டுக்கு. தோலின் உமிழ்திறன், அதாவது வெப்பக் கதிர்களை வெளிவிடும் திறன், ஏறக்குறைய 0.98, பளபளப்பான அலுமினியத்துக்கு 0.05 அளவுதான். அதனால் உடல் சூடு வெளியே தெரியாது, சரி. ஆனால் அது முகம் பார்க்கும் கண்ணாடி போல எதிரில் இருப்பதையெல்லாம் காட்டும். சொத்தவிளைக் கடற்கரையில் ஒரு மாலை அதைப் போர்த்தி ஒரு மாணவனை நிறுத்தினோம். மேல்நோக்கிய மடிப்புகளில் வானத்தின் குளிர்ச்சி விழுந்து, சூடான மணலுக்கு நடுவே கன்னங்கரிய ஆள் உருவம் ஒன்று நின்றது. போர்த்தாமல் நின்றிருந்தால்கூட அவ்வளவு எடுப்பாகத் தெரிந்திருக்க மாட்டான்.

பெரிய தவறு இதுதான்: உடையைக் குளிர்ச்சியாக்கினால் மறைந்துவிடலாம் என்ற நினைப்பு. பின்னணியின் சூட்டோடு ஒத்துப்போனால்தான் மறைய முடியும். மருந்துவாழ்மலைப் பாறை உச்சி வெயிலில் நம் உடம்பைவிடச் சூடாகிவிடும். அங்கே மனிதன்தான் குளிர்ந்த உருவம். அதே பாறை விடியற்காலையில் ஆறிக் கிடக்கும், அப்போது நாம் பளிச்சென்று தெரிவோம். ஒரே உடை இரண்டு வேளைக்கும் உதவாது. எந்த இடம், எந்த நேரம் என்று முடிவு செய்யாமல் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள்.

ஒன்றை மன்றாடியே கேட்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் காயாது; அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கினால் மயக்கம் வந்துவிடும். கழுத்து வழியே சூடு கசிந்து திரையில் தெரிகிறதா? தெரியட்டும். கழுத்தை அடைத்துத் தைக்க வேண்டாம்.