பதிவு இலக்கம் தெரியாமல் விமானம் ஏறாதீர்கள்

மூன்று கிழமை விடுமுறையில் ஜெர்மனியில் இருந்து யாழ்ப்பாணம் போனேன். அதில் ஒன்பது நாள் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள் எடுக்கக் கந்தோர் வாங்கிலில் கழிந்தது. நல்லூர்க் கொடியேற்றத்தைப் பார்க்கவேண்டும் என்று அந்தத் திகதிக்கே டிக்கெட் போட்டவள் நான். காலை பத்து மணிக்கு அங்கே கொடியேறியபோது ஒரு பிரதேச செயலகத்தில் இலக்கத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அடுத்த வருடம் போகிற யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காரியம் சின்னது. அம்மாவின் பெயரில் இருக்கும் காணியில் என் பங்கைத் தங்கச்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உறுதி எழுதும் நொத்தாரிசு கேட்டது மூன்று: அம்மாவின் மரணச் சான்றிதழ், அப்பா அம்மாவின் விவாகச் சான்றிதழ், என் பிறப்புச் சான்றிதழ். என்னிடம் இருந்தது எண்பதுகளில் எடுத்த பிரதி. மடிப்பில் கிழிந்து, பதிவு இலக்கம் இருந்த மூலையே போய்விட்டது.

அந்த மூலைதான் எல்லாம். பதிவு இலக்கமும் பதிந்த திகதியும் தெரிந்தால் பிரதி எடுப்பது பெரிய வேலை இல்லை. தெரியாவிட்டால் தேடுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், காசும் கூட, நாளும் கூட. அதைவிட முக்கியம், எந்தப் பிரிவில் தேடுவது என்பது. பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருந்த இடத்தில் அல்ல. நான் பிறந்தது யாழ்ப்பாண நகரத்து ஆஸ்பத்திரியில். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், ‘எங்கட ஊர்’ என்ற நினைப்பில் ஊர்ப் பிரதேச செயலகத்தில் நான்கு நாள் நின்றேன். அவர்களும் 1971, 1972 இரண்டு வருடச் சுட்டியையும் புரட்டிவிட்டு, “இல்லை அக்கா, நாளைக்கு வாங்கோ” என்றார்கள். எங்கே பிறந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆகவே போகமுன் வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள்: வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா, எந்த ஊர் ஆஸ்பத்திரி? இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பிறந்தவர்கள், இறந்தவர்கள் என்றால் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

பதிவேடு அழிந்துபோயிற்று என்று சொன்னால் உடனே திரும்பிவிடாதீர்கள். பதிவு இரண்டு பிரதியாகத்தான் எழுதப்படும், மற்றது வேறு இடத்தில் இருக்கக்கூடும். உண்மையிலேயே பதிவு இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. வெளிநாட்டுத் தேவைக்குக் கொன்சியூலர் உறுதிப்படுத்தல் (சான்றிதழ் மெய்யானது என்று வெளிவிவகார அமைச்சு உறுதிப்படுத்துவது) வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்திலேயே கிளை இருக்கிறது, கொழும்புக்கு ஓட வேண்டாம்.

சரி, ஐந்தாம் நாள் சரியான இடத்துக்குப் போனேன். பதிவு கிடைத்தது. யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை தாளைப் பார்த்து, வாங்கிலில் இருந்த எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, “அப்பா அம்மா கலியாணம் பதியேல்லையோ? இல்லை எண்டு கிடக்கு” என்றாள்.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் ‘பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?’ என்று ஒரு கூடு உண்டு. தகப்பன், தாயின் முழுப் பெயர், பிறந்த இடம், இனம், தகப்பனின் தொழில், எல்லாவற்றோடும் அதுவும் இருக்கும். என் அப்பா அம்மா 1968இல் கோயிலில் தாலி கட்டியவர்கள். அந்தக் காலத்தில் ஊரில் எத்தனையோ பேர் பதிவை யோசிக்கவே இல்லை. அப்பாவின் ஓய்வூதியக் கடதாசிக்குத் தேவைப்பட்டபோதுதான், 1974இல், பதிந்தார்கள். நான் பிறந்து மூன்று வருடத்துக்குப் பிறகு. ஐம்பது வருடத்துக்கு முந்திய ‘இல்லை’ என்ற ஒரு சொல், அம்மா சுமங்கலியாய் வாழ்ந்த வாழ்வைக் கந்தோர் முழுக்கக் கேள்விக்குறியாக்கியது. பதிவாளர் நாயகம் திணைக்களம் புதிய சான்றிதழில் இந்தக் கேள்வியை நீக்குவதாக அறிவித்திருக்கிறது. நல்லது. ஆனால் பழைய புத்தகத்தில் எழுதியது எழுதியதுதான்.

அன்று பின்னேரமே பெரியப்பாவின் மகன் வீட்டுக்கு வந்தார். ஒழுங்கைப் பக்கத்து இரண்டு பரப்புக் காணி தனக்கு வரவேண்டியது என்று கனகாலமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். தேத்தண்ணி குடித்து முடித்து, சேர்ட் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். என் பிறப்புச் சான்றிதழ். நான் ஐந்து நாள் அலைந்து எடுத்த அதே பதிவின் பிரதி, முத்திரையோடு. போன வருடமே எடுத்து வைத்திருக்கிறார். “சித்தப்பாவும் சின்னம்மாவும் பதிஞ்சவையே இல்லை. பிறகென்ன பங்கு?” என்றார்.

முதலில் களவாய் எடுத்தது என்றுதான் நினைத்தேன். இல்லை. விண்ணப்பம் நிரப்பிக் கட்டணம் கட்டினால் யாரும் யாருடைய பதிவின் பிரதியையும் எடுக்கலாம் என்பதுதான் அங்குள்ள நடைமுறை. சட்டத்தரணியிடம் ஓடினேன். முறைப்படி சடங்கு செய்த கலியாணத்தைப் பதிவு இல்லாமலும் நீதிமன்றம் ஏற்கும், அதோடு பிறகு பதிந்தும் இருக்கிறார்கள், பயப்பட வேண்டாம் என்றார். பயம் போனது. அந்த மேசையில் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு நின்றது போகவில்லை.

நான் இருக்கும் ஜெர்மனியில் பிறப்புப் பதிவு 110 வருடம், விவாகப் பதிவு 80 வருடம், மரணப் பதிவு 30 வருடம் மூடியிருக்கும். அதற்கு முன் எடுப்பதென்றால் உரியவரோ, கணவன் மனைவியோ, நேரடி முன்னோரோ, வாரிசோ, சட்டப்படி காரணம் காட்டக்கூடியவரோ ஆக இருக்க வேண்டும். சுவிஸில் 120, 100, 80. பிரான்சில் பிறப்புக்கும் விவாகத்துக்கும் 75, மரணப் பதிவு உடனேயே திறந்தது. இங்கிலாந்தில் இலங்கை மாதிரித்தான், யாரும் கேட்டு எடுக்கலாம். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த மேசையில் கிடந்த கடதாசியை அது தடுக்கவில்லை.

இதை எழுதும்போது மற்றப் பக்கமும் மனதில் நிற்கிறது. 1990இல் நான் வெறுங்கையோடு போனேன். அகதி விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அதை வரிசையில் நின்று எடுத்துத் தபாலில் அனுப்பியது தங்கச்சி, அப்போது அவளுக்குப் பதினேழு வயது. உரியவர் நேரே வரவேண்டும் என்று சட்டம் இருந்திருந்தால் என் கதி என்ன? 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, வீட்டை விட்டு நடந்த சனம் பெட்டியில் இருந்த கடதாசிகளையா எடுத்துக்கொண்டு போனது? திறந்த புத்தகம் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆகவே முழுதாய்ப் பூட்டச் சொல்லவில்லை. இறந்தவரின் பதிவு திறந்திருக்கட்டும். உயிரோடு இருப்பவரின் பிறப்புப் பதிவை எடுக்க, அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதமாவது கேட்கட்டும். தங்கச்சிக்கு அந்தக் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்திருப்பேன். பெரியப்பாவின் மகனுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: சான்றிதழைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தரகருக்குக் கொடுக்காதீர்கள். சம்பந்தம் பேசுகிற வீட்டார் பையனின், பெண்ணின் பதிவை ‘சும்மா ஒருக்கால் எடுத்துப் பார்த்துச் சொல்லு’ என்று கேட்டால், செய்யாதீர்கள். எனக்கும் ஒரு மச்சாள் அப்படிக் கேட்டாள். முடியாது என்றதும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வாங்கிலில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா இருந்தார். மகன் 2009இல் காணாமற்போனவன். 2010இல் வந்த சட்டத்தின்படி மரணப் பதிவு எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்லியும் எடுக்காதவர். 2016 திருத்தத்துக்குப் பிறகு கிடைக்கும் ‘காணக்கிடைக்காமை’ச் சான்றிதழைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார். “செத்தவன் எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது பிள்ளை?” என்றார். அதன் பிறகு எனக்கு இலக்கத் துண்டைப் பார்த்து எரிச்சல்பட மனம் வரவில்லை.

கடைசியாய்க் கிடைத்தது அம்மாவின் மரணச் சான்றிதழ். 2014. நான் வர முடியாமல் இருந்ததில்லை. டிக்கெட் விலையைப் பார்த்தேன், வேலையில் லீவு கேட்கத் தயங்கினேன், மூன்றாம் நாள் எரித்துவிட்டார்கள். பிரதி, பதிவேட்டுப் பக்கத்தை அப்படியே படியெடுத்தது. மரணத்துக்கான காரணம் என்ற கூட்டில், தொலைபேசியில் எனக்குச் சொன்ன ‘வயசுதானே’ இல்லை. புற்றுநோய் என்று இருந்தது. கீழே தகவல் கொடுத்தவர்: மகள். தங்கச்சியின் கையெழுத்து கோட்டை விட்டு இறங்கிக் கோணலாய்ப் போயிருந்தது. இறப்பை ஐந்து நாளுக்குள் அறிவிக்கவேண்டும். அவள் இரண்டாம் நாளே தனியாய்ப் போய் அறிவித்திருக்கிறாள்.

நான் இரண்டு பிரதி எடுத்தேன். இலக்கத்தையும் திகதியையும் என் கொப்பியில் எழுதினேன். உறுதி எழுதி முடிந்தது, இரண்டு பரப்பும் சேர்த்துத் தங்கச்சியின் பெயரில்.